மால்டா: கோட்டைக்கு வெளியே இருந்தவர்களின் வரலாறு

நெய்தல் எழுதியது:

ஆறில்லா ஊருக்கு அழகு பாழ் என்று நம் பக்கம் சொல்வார்கள். மால்டாவில் ஆறே கிடையாது, ஏரியும் கிடையாது. மழைக்காலத்தில் சில பள்ளத்தாக்குகளில் கொஞ்ச நாள் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். ஆனாலும் அங்கே ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில், மத்தியதரைக் கடலின் நடுவில் இருக்கிறது இந்த நாடு. மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர். மால்டா, கோசோ, கொமினோ ஆகிய மூன்று தீவுகளில்தான் ஆள் நடமாட்டம், அதிலும் கொமினோவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,19,562. ஐரோப்பிய ஒன்றியத்தில் பரப்பில் மிகச் சிறியதும் இதுதான், நெரிசல் மிக அதிகமானதும் இதுதான்.

இந்த இழையைத் தொடங்க ஒரு காரணம் உண்டு. மால்டாவின் வரலாறு என்று எங்கே படித்தாலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. பினீசியர், கார்த்தேஜ், ரோம், பைசாந்தியம், அரபுகள், நார்மன்கள், அரகோன், புனித யோவான் சபை நைட்டுகள் என்ற கத்தோலிக்கத் துறவிப் போர்வீரர்கள், பிரெஞ்சுக்காரர், பிரிட்டிஷார், கடைசியில் 1964இல் விடுதலை. இது ஆண்டவர்களின் பட்டியல். துறைமுகம் யார் கையில் இருந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. இத்தனை பேர் வந்து போன பிறகும் தங்களுக்கென்று ஒரு மொழி, ஒரு சமையல், ஒரு பிடிவாதம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நிற்கிறார்களே, அந்த ஜனங்கள் அந்தப் பட்டியலில் எங்கே? என் பார்வையில் மால்டாவின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பாறை எழுதியது:

நெய்தல், தண்ணீரில் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. மால்டாவைப் புரிந்துகொள்ள முதலில் காலுக்குக் கீழே பார்க்க வேண்டும்.

தீவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே கடினமான பவளச் சுண்ணாம்புக்கல், அதன் அடியில் நீலக் களிமண், அதற்கும் கீழே மஞ்சள் நிற மெதுவான கல், கடைசியில் மறுபடியும் கடினமான கல். அந்த மஞ்சள் கல்லை உள்ளூரில் ஃப்ராங்கா என்பார்கள். சாதாரணக் கருவியாலேயே அறுக்கலாம், செதுக்கலாம். கோயில், கோட்டை, மாதா கோயில், வீடு எல்லாம் அந்தக் கல்லில் கட்டியவை. மால்டா முழுவதும் தேன் நிறத்தில் தெரிவது அதனால்தான்.

நீலக் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. மேலே பெய்யும் மழை பவளக்கல்லில் இறங்கி, களிமண்ணில் தடுக்கப்பட்டு, அதன் விளிம்பில் ஊற்றாக வெளியே வரும். மேற்கே ரபாத், திங்லி பக்கம் பயிர்கள் பச்சையாக இருக்கக் காரணம் அந்த ஊற்றுகள். களிமண் இல்லாத இடங்களில் மழைநீர் கடல்மட்டம் வரை இறங்கி, எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல உப்புநீரின் மேல் மிதக்கும். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். அது நடந்தும்விட்டது.

ஆண்டு மழை சுமார் 550 மில்லிமீட்டர். கோடையில் ஏறக்குறைய பூஜ்யம். 1566இல் இன்றைய தலைநகர் வலெட்டாவைக் கட்டத் தொடங்கியபோதே ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். அதுவும் போதாமல் 1610 முதல் 1615 வரை ரபாத், திங்லி ஊற்றுகளிலிருந்து வலெட்டாவுக்குக் கால்வாய் கட்டினார்கள். அதன் வளைவுகளை இன்றும் சாலையோரம் பார்க்கலாம். இப்போது குழாயில் வருவதில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்தது. 1980களின் தொடக்கத்தில் ஆர் லாப்சியில் அமைத்த, கடல்நீரிலிருந்து உப்பை நீக்கும் எதிர்ச்சவ்வூடு பரவல் ஆலை அந்நாளில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று.

---

கல்வெட்டு எழுதியது:

பாறை சொன்ன மழைநீர்த் தொட்டியிலிருந்தே நான் தொடர்கிறேன். 1902இல் பாவ்லா என்ற ஊரில் புது வீடுகளுக்காகத் தொழிலாளர்கள் பாறையில் தொட்டி வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே உடைத்துக்கொண்டு போன இடம் ஒரு நிலத்தடி மாளிகை. வேலை நின்றுவிடுமே என்று முதலில் வெளியே சொல்லவில்லை. அதுதான் ஹல் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறை. மூன்று தளங்கள், எல்லாம் உயிர்ப்பாறையைக் குடைந்தவை. அதைக் குடைந்தவர்களிடம் உலோகமே கிடையாது. கல்லும் மான்கொம்பும்தான் கருவி. கூரையில் செங்காவியால் சுருள் சுருளாகக் கோலம். சுமார் 7,000 பேரின் எலும்புகள் அங்கே இருந்திருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத களிமண் சிற்பம் ஒன்று அங்கே கிடைத்தது. பருத்த உடல் கொண்ட ஒரு பெண், கட்டிலில் ஒருக்களித்துக் கையைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறாள். இப்போது வலெட்டா அருங்காட்சியகத்தில் இருக்கிறாள்.

கோசோவில் இருக்கும் ஜிகந்தீயா கோயில் கி.மு. 3600 வாக்கில் எழும்பியது. எகிப்தின் பெரிய பிரமிடைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. சில கற்கள் 50 டன் வரை எடை கொண்டவை. இம்நைத்ரா என்ற இன்னொரு கோயிலில் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களில் காலை வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே விழும்படி கட்டியிருக்கிறார்கள். கி.மு. 2500ஐ ஒட்டி அந்த மக்களின் பண்பாடு அற்றுப்போயிற்று. போரா, பஞ்சமா, மண்வளம் குன்றியதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

நெய்தல் கேட்ட கேள்விக்கு இது முதல் பதில். அந்தக் கோயில்களைக் கட்டிய ராஜா பெயர் யாருக்கும் தெரியாது. ராஜா என்று ஒருவர் இருந்தாரா என்பதும் சந்தேகம். கட்டியவர்கள் ஊர் ஜனங்கள்.

---

சேரன்துறை எழுதியது:

கோயில்கள் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களுக்கும் இன்றைய மால்டாக்காரர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. இன்றைய மால்டாவை உண்டாக்கியவர்கள் நைட்டுகள்தான். இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

1530இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இந்தத் தீவை அவர்களுக்குக் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு வல்லூறுதான் வாடகை. அவர்கள் வந்தபோது இது வறண்ட, ஏழைத் தீவு. 1565இல் துருக்கியின் உஸ்மானியப் பேரரசுப் படை முப்பது நாற்பதாயிரம் பேருடன் வந்து இறங்கியது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் 8 வரை முற்றுகை. புனித எல்மோ கோட்டை ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23இல் விழுந்தது. அங்கே செலவான காலம்தான் மற்றக் கோட்டைகளைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டே நைட்டுகளின் தலைவர் லா வலெட் தன் பெயரில் நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். நேர்கோட்டுத் தெருக்கள், கடல்காற்று உள்ளே வரும் அமைப்பு, 155 மீட்டர் நீளக் கூடம் கொண்ட மருத்துவமனை. அங்கே நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டில் உணவு வைத்தார்கள். இதெல்லாம் சின்ன விஷயமா?

---

நெய்தல் எழுதியது:

சேரன்துறை, சின்ன விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அதே முற்றுகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மதிலுக்குள் நைட்டுகள் ஐந்நூறு அறுநூறு பேர். மால்டா ஆண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். செங்லேயா கரையோரம் எதிரிப் படகுகள் நெருங்காமல் இருக்கக் கடலுக்குள் மரக்கழிகளை நட்டிருந்தார்கள். அதை வெட்டி எறிய உஸ்மானியர் கோடாரியுடன் நீச்சல்காரர்களை அனுப்பினார்கள். மால்டா மீனவர்கள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்து, கழிகளுக்கு நடுவே அவர்களுடன் சண்டை போட்டு விரட்டினார்கள். அவர்களுக்குச் சிலை இல்லை, நகரத்துக்குப் பெயரும் வைக்கவில்லை.

அதற்கு 14 ஆண்டு முன்னால், 1551இல், உஸ்மானியக் கடற்படைத் தளபதி துர்குத் ரெய்ஸ் கோசோ மேல் படையெடுத்து ஏறக்குறைய தீவின் மொத்த ஜனத்தையும், சுமார் 5,000 பேர், அடிமைகளாகக் கொண்டுபோனார். அப்போதும் நைட்டுகள் ஆட்சிதான். கோசோவுக்கு உதவி போகவில்லை.

இன்னொன்று. அந்த நைட்டுகளும் கடற்கொள்ளை நடத்தியவர்கள்தான், ஆயிரக்கணக்கில் முஸ்லிம் அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான். கப்பலில் துடுப்பு வலித்தவர்களும், கோட்டை கட்டக் கல் சுமந்தவர்களும் அவர்களில் உண்டு. மால்டாவில் பிறந்த உயர்குடியினரைக்கூடப் பொதுவாக முழு நைட்டாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1770களில் தானிய விலை ஏறிய நேரத்தில் முயல் வேட்டைக்கும் தடை வந்தது. ஏழைக்குக் கிடைத்த இறைச்சியே அது ஒன்றுதான். 1775 செப்டம்பர் 8ஆம் தேதி, அதாவது முற்றுகை வெற்றியைக் கொண்டாடும் அதே நாளில், கயத்தானோ மன்னரினோ என்ற பாதிரியாரின் தலைமையில் சிலர் புனித எல்மோ கோட்டையைப் பிடித்தார்கள். சில மணி நேரத்தில் அடங்கிப்போன கிளர்ச்சி. மூன்று பேரின் தலை போயிற்று. பாதிரியார் 1798 வரை சிறையில் கிடந்தார். இன்றைக்கு முயல் குழம்புதான் மால்டாவின் தேசிய உணவு என்று சொல்லும்போது எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது.

---

புதியவன் எழுதியது:

எல்லாரும் எழுதுவதைப் படிக்கப் படிக்க ஆர்வமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அவர்கள் பேசுவது அரபி மாதிரி இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எல்லாரும் கத்தோலிக்கர்கள். இது எப்படி? அப்புறம், நைட்டுகள் எப்போது போனார்கள்?

---

கல்வெட்டு எழுதியது:

தம்பி, இரண்டுக்கும் சொல்கிறேன்.

870இல் வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அரபுப் படை தீவைப் பிடித்தது. அதன் பின் சிசிலி வழியாக வந்து குடியேறியவர்கள் பேசிய அரபி அங்கே வேரூன்றியது. எலுமிச்சை, பருத்தி, நீர்ப்பாசன முறைகள் எல்லாம் அந்தக் காலத்துத் தொடர்ச்சி என்பார்கள். 1091இல் நார்மன்கள் வந்தார்கள். அதற்குப் பிறகும் நூறு ஆண்டுக்கு மேல் முஸ்லிம்கள் கணிசமாக இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில்தான் வெளியேற்றமும் மதமாற்றமும் நடந்து தீவு முழுக்கக் கிறித்தவமானது. மதம் மாறியது, வீட்டுப் பேச்சு மாறவில்லை. மேலே சிசிலி, இத்தாலியச் சொற்கள் வந்து படிந்தன, அடித்தளம் அப்படியே நின்றது. எழுத்து மட்டும் லத்தீன் எழுத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் அரபி, ஹீப்ரு அடங்கிய செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரே மொழி அதுதான்.

ஆனால் நீதிமன்றத்திலும் உயர்குடி வீட்டிலும் நூற்றாண்டுக் கணக்கில் இத்தாலியன்தான் ஓடியது. மால்டி மொழி சந்தை மொழி, சமையலறை மொழி என்று ஒதுக்கப்பட்டது. 1934இல்தான் ஆங்கிலத்துடன் சேர்த்து ஆட்சிமொழி ஆயிற்று. அதற்கும் பிரிட்டிஷாருக்கு ஒரு கணக்கு இருந்தது. முசோலினியின் இத்தாலியோடு தீவுக்கு இருந்த ஒட்டுதலை வெட்ட வேண்டும். எந்த நோக்கத்தில் செய்திருந்தாலும், தன் வழக்கு எந்த மொழியில் நடக்கிறது என்று குடியானவனுக்குப் புரிந்த முதல் தலைமுறை அதுதான்.

இரண்டாவது கேள்வி. 1798 ஜூனில் நெப்போலியன் எகிப்துக்குப் போகும் வழியில் இறங்கினார். நைட்டுகள் பெரிய எதிர்ப்பு எதுவுமின்றிச் சரணடைந்தார்கள். அவர் ஒரு வாரத்துக்குள் அடிமை முறையை ஒழித்தார், பிரபுத்துவப் பட்டங்களை ஒழித்தார், கோயில் வெள்ளியையும் அள்ளிக்கொண்டார். செப்டம்பர் 2ஆம் தேதி பழைய தலைநகரான இம்தினாவில் ஒரு மடத்தின் பொருள்களை ஏலம் விடப் போனபோது ஊர் எழுந்தது. பிரெஞ்சுத் தளபதி கொல்லப்பட்டார். அடுத்த இரண்டு ஆண்டு, பிரெஞ்சுப் படை வலெட்டா மதிலுக்குள்ளும் மால்டா மக்கள் வெளியிலுமாக இருந்தார்கள். நெய்தலுக்கு நான் சொல்லவருவது இதுதான்: கோட்டைக்கு வெளியே நின்றவர்கள் தாங்களே ஒரு சபை அமைத்து, படை திரட்டி, பிரிட்டிஷ் கடற்படையின் உதவியோடு 1800இல் பிரெஞ்சுக்காரரைச் சரணடையவைத்தார்கள். ஜெயித்தபின் சாவி பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. 1814 ஒப்பந்தத்தில் அது உறுதியானது.

1869இல் சூயஸ் திறந்ததும் இந்தியாவுக்குப் போகும் கப்பல்களுக்கு மால்டா நிலக்கரித் துறைமுகம். 1878இல் ரஷ்யாவை மிரட்ட பிரிட்டிஷ் அரசு சுமார் 7,000 இந்தியப் படைவீரர்களை மால்டாவில் கொண்டுவந்து நிறுத்தியது. சிந்தி வணிகர்கள் கடை போட்டதும் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான்.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

நான் மால்டாவில் செவிலியராக வேலை செய்கிறேன். ஐயா வரலாறு சொல்கிறார், நான் என் தொழில் பக்கத்திலிருந்து ஒரு மால்டாக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெமிஸ்தோக்ளிஸ் சாமித். இவரைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மால்டா காய்ச்சல் என்று ஒன்று பிரிட்டிஷ் படையை வாட்டி எடுத்தது. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். மூட்டு வலி, இரவெல்லாம் வியர்வை, மாதக் கணக்கில் படுக்கை. 1887இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று புருசெல்லா என்று அவர் பெயரில் இருப்பது அதுதான். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. காற்று, சாக்கடை, கொசு என்று என்னென்னவோ சந்தேகப்பட்டார்கள்.

அப்போது வலெட்டா தெருக்களில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வீட்டு வாசலிலேயே கறந்து பாத்திரத்தில் ஊற்றுவார்கள். மாடிப்படியில் ஏற்றிக்கொண்டு போய்க் கறந்ததும் உண்டு. வாசலில் கறந்த பால், அதைவிடச் சுத்தமானது என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். 1905இல் சாமித் ஆட்டு ரத்தத்தைச் சோதித்தார். பார்ப்பதற்குத் திடமாக இருந்த ஆடுகளின் ரத்தத்தில் காய்ச்சலின் அடையாளம். பாலிலும் கிருமி. அதே ஆண்டு மால்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஆடுகளை ஏற்றிப்போன கப்பலில் பால் குடித்த ஆள்களுக்கும் காய்ச்சல் வந்து, சந்தேகம் தீர்ந்தது. 1906இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சட்டென்று விழுந்தது. ஊர் ஜனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு உடனே வரவில்லை. பாலைச் சூடாக்கிச் சுத்தப்படுத்தி விற்கும் முறை அங்கே வந்தது 1938இல்தான். முப்பது ஆண்டு! எனக்கு இதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கல்வெட்டு ஐயா சொன்ன நிலத்தடிக் கல்லறை ஆய்விலும், தார்ஷீன் கோயிலைத் தோண்டி வெளியே கொண்டுவந்ததிலும் இதே சாமித்தின் கைதான்.

---

சேரன்துறை எழுதியது:

அக்கா, அருமை. சாமித் பெயரே எனக்குப் புதிது.

மக்கள் வரலாறு என்றால் இரண்டாம் உலகப் போரை விடக் கூடாது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ஜெர்மன் தளபதி ரோமெலின் படைக்கு இத்தாலியிலிருந்து போகும் கப்பல்களை மால்டாவிலிருந்துதான் அடித்தார்கள். அதற்கு முன்பே, 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியபோதே, குண்டுமழை தொடங்கிவிட்டது. மக்கள் அந்த மெதுவான கல்லைக் குடைந்து பாதாள அறைகளில் வாழ்ந்தார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று மோஸ்தா மாதா கோயில் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு உள்ளே விழுந்தது. உள்ளே முந்நூறு பேர் அளவில் இருந்தார்கள். வெடிக்கவில்லை. அதே மாதம் 15ஆம் தேதி பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜ் சிலுவை விருதைத் தீவு முழுமைக்கும் கொடுத்தார். அது இன்றும் அவர்கள் கொடியில் இருக்கிறது.

விருது வயிற்றை நிரப்பவில்லை. ஆகஸ்ட்டில் கோதுமையும் எண்ணெயும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன. பெடஸ்டல் என்ற பெயரில் கிளம்பிய 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் கரை சேர்ந்தன. கடைசியாக வந்த ஒஹையோ என்ற எண்ணெய்க் கப்பல் முதுகெலும்பு முறிந்த நிலையில், இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க, ஆகஸ்ட் 15ஆம் தேதி மாதா திருநாளன்று துறைமுகத்துக்குள் நுழைந்தது. அந்த நாளை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

---

நெய்தல் எழுதியது:

ரொட்டிக்காக அவர்கள் செத்தது அது முதல்முறை அல்ல. 1919 ஜூன் 7ஆம் தேதி விலைவாசிக்கு எதிராகக் கூடிய கூட்டத்தின்மீது பிரிட்டிஷ் படை சுட்டது. அந்தக் கலவரத்தில் மொத்தம் நான்கு பேர் இறந்தார்கள். இன்று அது தேசிய நாள்களில் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து உள்நாட்டு விவகாரங்களுக்கு மட்டும் சுயாட்சி கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த கதை இன்னும் சிக்கலானது. 1956இல் அப்போதைய பிரதமர் டொம் மின்டாஃப், பிரிட்டனுடனேயே இணைந்துவிடலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார். வாக்களித்தவர்களில் 77 சதவீதம் சம்மதித்தார்கள். ஆனால் வந்தவர்கள் 59 சதவீதம்தான். திருச்சபை எதிர்த்தது, திட்டம் கைவிடப்பட்டது. பின்பு திருச்சபைக்கும் மின்டாஃபின் தொழிற்கட்சிக்கும் மோதல் முற்றி, 1961 முதல் 1969 வரை கட்சித் தலைவர்களுக்குச் சடங்குகள் மறுக்கப்பட்டன. அந்தக் கட்சிப் பத்திரிகையைப் படிப்பதே பாவம். இறந்த சிலரைக் கல்லறைத் தோட்டத்தில் புனிதப்படுத்தாத மூலையில் புதைத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அந்த வலி இன்னும் இருக்கிறது. 1964 செப்டம்பர் 21 விடுதலை, 1974இல் குடியரசு, 1979 மார்ச் 31இல் கடைசி பிரிட்டிஷ் படை வெளியேறியது.

புத்தம்புது நாடாக இருந்தபோதே அவர்கள் உலகத்துக்கு ஒன்று கொடுத்தார்கள். 1967 நவம்பர் 1ஆம் தேதி, ஐ.நா. சபையில் மால்டாவின் தூதர் அர்விட் பார்டோ எழுந்து, ஆழ்கடல் அடித்தளம் எந்த வல்லரசுக்கும் சொந்தமல்ல, மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று வாதிட்டார். 1982இல் வந்த கடல் சட்ட உடன்படிக்கையில் அந்தக் கருத்து இடம்பெற்றது. யார் யாரோ தன்னைப் பங்குபோட்டுக்கொள்வதைப் பார்த்தே வளர்ந்த நாடு, கடலையாவது பங்குபோடாதீர்கள் என்று சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

---

மருந்துப்பெட்டி எழுதியது:

இன்றைய நிலவரத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், இல்லாவிட்டால் படம் முழுமையாகாது.

இரண்டே பெரிய கட்சிகள். குடும்பமே ஒரு கட்சியாக இருக்கும். கட்டாயமில்லாமலே பல பத்தாண்டுகளாக 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். ஊர்த் திருவிழாவிலும் அப்படித்தான், பல ஊர்களில் இரண்டு வாத்தியக் குழுச் சங்கங்கள், யாருடைய புனிதருக்கு வாணவேடிக்கை பெரிது என்று போட்டி. கோடை முழுக்க வார இறுதியில் வானம் வெடித்துக்கொண்டே இருக்கும். அந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கும்.

பிடிக்காததும் இருக்கிறது. 2017 அக்டோபர் 16 அன்று ஊழல்களை எழுதிய பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியாவைக் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். 2019இல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், பிரதமர் பதவி விலக வேண்டியதாயிற்று. 2021இல் பொது விசாரணைக்குழு, அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்னது. வலெட்டாவில் நீதிமன்றத்துக்கு எதிரே 1565 முற்றுகை நினைவுச்சின்னம் இருக்கிறது. அதன் காலடியில் மக்கள் டாஃப்னிக்காகப் பூவும் மெழுகுவத்தியும் வைப்பார்கள். இரவில் அரசாங்க ஆள்கள் அகற்றினார்கள், காலையில் மறுபடி வைத்தார்கள். அகற்றியது கருத்துரிமை மீறல் என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணத்துக்குக் குடியுரிமை கொடுத்த திட்டத்தையும் 2025 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது.

போருக்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பல் கப்பலாகக் கிளம்பிப் போனவர்கள் இந்த ஜனங்கள். இப்போது தலைகீழ். 2021 கணக்கில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். மருத்துவமனை, முதியோர் இல்லம், பேருந்து, வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுதருவது எல்லாவற்றிலும் இந்தியர்களைப் பார்க்கலாம். வாடகை கட்டி மாளாது. ஒரே வீட்டில் நெருக்கியடித்துத் தங்குபவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் சிட்னியில் இருக்கும் தங்கள் அண்ணன் கதையைச் சொல்லி, உன் அம்மாவிடம் இன்றைக்குப் பேசினாயா என்று கேட்பார்கள்.

---

பாறை எழுதியது:

அக்கா சொன்ன வாடகைக்குப் பின்னால் கட்டுமான வெறி இருக்கிறது. பழைய கல்வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். தோண்டும் கல்லில் பெரும்பகுதி குப்பை. 2022 டிசம்பரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் இடிந்து 20 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவர் தாய் விடாமல் போராடித்தான் பொது விசாரணை வந்தது. கோசோவின் புகழ்பெற்ற நீலச் சாளரப் பாறை வளைவு 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் விழுந்தது. அது இயற்கை, தடுக்க முடியாது. இது மனிதர் கையில் இருப்பது. கட்டட அடித்தளமும் பாதாள வாகன நிறுத்தமும் போகிற ஆழத்தில் பழைய மழைநீர்த் தொட்டிகள் காணாமல் போகின்றன. மிச்சமிருக்கும் நிலத்தடி நீருக்கும் அது நல்லதல்ல.

---

புதியவன் எழுதியது:

அக்கா, அடுத்த ஆண்டு அங்கே வர நினைக்கிறேன். நாள் அதிகம் கிடைக்காது. எதைத் தவறவிடக் கூடாது?

---

மருந்துப்பெட்டி எழுதியது:

ஆகஸ்டில் வராதே தம்பி, வெயிலும் கூட்டமும் தாங்காது. ஏப்ரல் அல்லது அக்டோபர் நல்லது. நிலத்தடிக் கல்லறைக்கு ஒரு நாளைக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள், மூச்சுக்காற்றின் ஈரம் காவிச் சித்திரத்தைக் கெடுத்துவிடும் என்பதால். விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே அந்தச் சீட்டை எடு, மாதக்கணக்கில் முன்பதிவு ஆகிவிடும். வலெட்டாவில் புனித யோவான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த, புனித யோவானின் தலை வெட்டப்படும் ஓவியம் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான், யோவானின் ரத்தத்தில் பெயரை எழுதியிருப்பார். கோசோவுக்குப் படகில் 25 நிமிடம். ஜிகந்தீயாவைக் காலையிலேயே பார்த்துவிடு. ரபாத்தில் சூடாகப் பட்டாணி வைத்த பஸ்தித்சி என்ற பலகாரம் வாங்கிச் சாப்பிடு, வயிறும் நிறையும், காசும் அதிகம் ஆகாது. குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானதுதான், ஆனால் கரிக்கும், பாட்டில் வாங்கிக்கொள். வரும் தேதி முடிவானதும் தனிமடலில் எழுது, எனக்கு அன்று இரவுப் பணி இல்லையென்றால் இம்தினாவுக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.